ஓடிபி யார் போனுக்குப் போகுது?

ஒரகடம் பக்கம் போனால் ஜப்பானிய எழுத்தில் பலகை மாட்டிய உணவகங்களைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் ஜப்பானிய ஆலைகள் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ஆலைகளின் ஒழுங்கு, சுத்தம், காலை உடற்பயிற்சி பற்றியெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்துவிட்டன. ஜப்பானில் ஒருவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் எழுதக் காணோம்.

ஒரு காகிதம் கொடுப்பார்கள். ரிஷோகுஹ்யோ என்று பெயர். வேலையை விட்டதற்கான சான்று. ஆள் நின்ற தகவலை நிறுவனம் 10 நாளுக்குள் ‘ஹலோ ஒர்க்’ எனப்படும் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அலுவலகம் சான்றை வழங்கும், தொழிலாளி அதை எடுத்துக்கொண்டு தன் ஊர் ஹலோ ஒர்க்குக்குப் போய்ப் பதிந்துகொள்வார். நிறுவனம் இழுத்தடித்தால் அலுவலகமே கூப்பிட்டுக் கேட்கும். வேலைக் காப்பீட்டுக்கு 11 இலக்க எண் ஒன்று உண்டு, வேலை மாறினாலும் அது மாறாது. அந்த எண் போட்ட சீட்டு தொலைந்தால் ஹலோ ஒர்க்கில் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பிறகு வயதையும் கட்டிய காலத்தையும் பொறுத்து 90 நாளிலிருந்து 330 நாள் வரை, பழைய தினக்கூலியில் ஏறக்குறைய பாதி முதல் 80 சதவீதம் வரை பணம் வரும். 1974-இல் போட்ட சட்டம் இது. 2025 ஜனவரியிலிருந்து அந்தக் காகிதமும் அரசு இணையதளம் வழியாக நேரடியாகத் தொழிலாளியின் கணக்குக்கே வருகிறது.

எனக்குப் பிடித்தது இதெல்லாம் இல்லை. அந்தச் சான்றில் ‘விலகியதற்கான காரணம்’ என்று ஒரு பகுதி. முதலில் நிறுவனம் எழுதும். பக்கத்திலேயே தொழிலாளியும் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். ‘நிறுவனம் சொல்லும் காரணத்தில் ஆட்சேபம் உண்டா, இல்லையா’ என்று கேட்டு அவரிடமே கையெழுத்தும் வாங்குகிறார்கள். தானாக விலகினார் என்றால் ஏழு நாள் காத்திருப்புக்குப் பிறகு இன்னும் ஒரு மாதம் பணம் வராது. நிறுவனம் அனுப்பிவிட்டது என்றால் அந்த ஒரு மாதம் கிடையாது. காரணத்தை யார் எழுதுகிறார்கள் என்பதில் காசு இருக்கிறது.

இப்போது காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்கு வருவோம்.

கூடத்தில் தறி, ஓரத்தில் பீரோ, பீரோ மேல் பட்டுப்புடவை வைத்துக் கொடுக்கிற நீள அட்டைப்பெட்டி. நான் போன வீட்டில் அந்தப் பெட்டிக்குள் புடவை இல்லை, காகிதம்தான். ஒரு பாதி அப்பாவுடையது: கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக், நெசவாளர் அடையாள அட்டை, நல வாரிய அட்டை. மறுபாதி பையனுடையது: மூன்று கான்ட்ராக்டர் பெயரில் மூன்று அடையாள அட்டைகள், குடும்பப் படம் ஒட்டி லேமினேட் செய்த இ.எஸ்.ஐ. அட்டை, இரண்டே இரண்டு பே ஸ்லிப், பிரவுசிங் சென்டரில் எடுத்த பி.எஃப். பாஸ்புக் பிரின்ட். மூன்று கான்ட்ராக்டருக்கும் அவன் போய் நின்றது ஒரே ஆலை வாசலில்தான், அதே கம்பெனி பஸ்ஸில். சட்டையும் மாறவில்லை, செய்யும் வேலையும் மாறவில்லை. நடுவில் ‘ப்ரேக்’ விட்டிருக்கிறார்கள். இந்த முறை விட்ட ப்ரேக் முடியவே இல்லை.

அப்பா கதை தனி. பாவு முடிந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். அதை வேலையின்மை என்று எந்தத் திட்டமும் எண்ணுவதில்லை. சங்கத்துத் தறிக்காரர்களுக்கு 1975-இலிருந்து ஒரு சேமிப்புத் திட்டம் இருக்கிறது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடிப்பார்கள், அரசும் தன் பங்கைச் சேர்க்கும். தனியார் முதலாளிக்கு நெய்கிறவருக்கு அதுவும் கிடையாது, வாங்கிய அட்வான்ஸ்தான் பாக்கி நிற்கும். அதனால்தான் பையன்களும் பெண்களும் வெள்ளைகேட்டிலும் பொன்னேரிக்கரையிலும் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ‘பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு’ என்ற சொல்லுக்கு நெசவாளர் வீடுகளில் இருக்கும் மதிப்பு கொஞ்சநஞ்சமல்ல, பெண் கொடுக்கும்போதே விசாரிக்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்குள் வேலை போனால் பணம் தரும் ஏற்பாடும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். தொழிலாளியிடம் 0.75 சதவீதம், முதலாளியிடம் 3.25 சதவீதம். இதில் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ என்று ஒரு திட்டம். 2018 ஜூலையில் சோதனை முயற்சியாக வந்து, நீட்டித்து நீட்டித்து ஓடுகிறது. வேலை போனவருக்குச் சராசரி தினக்கூலியில் 25 சதவீதம் என்று தொடங்கியதை, கொரோனா ஆண்டில் 50 சதவீதம் ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறைதான். வேலை போய் 30 நாள் கழித்துக் கேட்கலாம். முதலாளி வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, தொழிலாளியே கிளை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு முன்பே, 2005-இலிருந்து, ஆலை மூடல், ஆட்குறைப்பு போன்றவற்றுக்காக ராஜீவ் காந்தி பெயரில் இன்னொரு திட்டமும் இருக்கிறது. ஜப்பானின் 330 நாளோடு ஒப்பிட்டால் நம் 90 நாள் சின்னதுதான். ஆனால் சும்மா இல்லை.

சிக்கல் காரணத்தில்தான். ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவருக்கு இந்தப் பணம் இல்லை, விருப்ப ஓய்வு வாங்கியவருக்கும் இல்லை. 2014-இல் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கைபேசி ஆலை மூடப்பட்ட ஆண்டில் ஆயிரக்கணக்கானோர் போனது ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில்தான். எந்த அளவுக்கு விருப்பம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். நம் ஊரில் காரணத்தை எழுதுவது முதலாளி தரப்பு, அதுவும் கணினியில், ஒரு பட்டியலிலிருந்து ஒன்றைத் தட்டி. ‘ஆட்சேபம் உண்டா’ என்று தொழிலாளியிடம் கேட்க அங்கே பெட்டி இல்லை. தன் பெயருக்கு நேரே என்ன தட்டினார்கள் என்பது பையனுக்கு மனு கொடுக்கப் போகிற அன்றைக்குத்தான் தெரியும்.

பி.எஃப். பக்கம் இதைவிடக் குழப்பம். 2014-இல் யு.ஏ.என். என்ற எண் வந்தது. எத்தனை வேலை மாறினாலும் ஆளுக்கு ஒரே எண் என்பதுதான் பேச்சு. நடைமுறையில் புது கான்ட்ராக்டர் பழைய எண்ணைக் கேட்பதும் இல்லை, பையனுக்கு நினைவில் இருப்பதும் இல்லை. புதிதாக ஒன்று முளைத்துவிடும். பழைய கான்ட்ராக்டர் ‘விலகிய தேதி’ போடாமல் விட்டிருப்பார். தேதி இல்லாவிட்டால் கணக்கை மாற்றவும் முடியாது, முழுதாக எடுக்கவும் முடியாது. 2020 தொடக்கத்திலிருந்து அந்தத் தேதியைத் தொழிலாளியே போட்டுக்கொள்ளலாம், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் போதும்.

அடுத்தது இனிஷியல். பள்ளிச் சான்றில் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயரே முழுசாக. வடக்கே வடிவமைத்த படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். அந்த எழுத்துக்காக வருஷக்கணக்கில் முடங்கிய கணக்குகள் இங்கே ஏராளம். 2025 ஜனவரியில் கொஞ்சம் விடிவு வந்தது. 2017 அக்டோபரிலிருந்து ஆதார் சரிபார்த்து எடுத்த யு.ஏ.என். என்றால், பெயர், பிறந்த தேதித் திருத்தங்களை முதலாளி ஒப்பமில்லாமலே செய்யலாம். அதற்கு முந்தைய எண்ணாக இருந்து, கான்ட்ராக்டரும் கடையைக் கட்டிவிட்டார் என்றால் அலைச்சல்தான்.

நான் இத்தனை படி ஏறி வந்தது ஒரு விஷயத்துக்காக. விலகிய தேதியைத் தானே போடலாம், பெயரைத் தானே திருத்தலாம், மனுவைத் தானே கொடுக்கலாம். ஒவ்வொரு ‘தானே’க்கும் முன்னால் ஓர் ஓடிபி நிற்கிறது. ஆதாரில் இணைத்த கைபேசிக்குத்தான் அது வரும். முகத்தைக் காட்டியே யு.ஏ.என். எடுக்கும் வசதி அரசின் உமங் செயலியில் 2025-இல் வந்தது. அதற்கும் அந்தக் கைபேசி வேண்டும்.

அந்த எண் யாருடையது? அங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் ஒரே போன் இருந்தது, அப்பாவுடையது. பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த எண்தான். அப்பா சிம் மாற்றிவிட்டார். பெண்பிள்ளை என்றால் அண்ணன் எண். மின்னணு ஆலைகளில் விடுதியில் தங்கி வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி உத்திரமேரூரோ செய்யாறோ போன பெண்ணின் பி.எஃப். பணத்துக்கான சாவி இன்னும் அண்ணன் சட்டைப்பையில் இருக்கிறது. அண்ணன் தங்கமானவராக இருக்கலாம். ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் போன் போட்டு, ‘அண்ணா, ஒரு நம்பர் வரும், சொல்லு’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. எதற்கு, எவ்வளவு, என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விகளும் அந்த நம்பரோடு சேர்ந்துதான் வரும்.

இன்னொரு வகை இதைவிட மோசம். வேலைக்குச் சேர்த்த அன்றே கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒரே மூச்சில் முப்பது பேருக்குப் பதிவு போடுகிறார். போன் எண் கட்டத்தில் தன் எண்ணையே தட்டிவிடுகிறார், வேலை சீக்கிரம் முடியுமே என்று. பிரவுசிங் சென்டரிலும் இதேதான். பாஸ்வேர்டைக் கடைக்காரர் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், தொழிலாளியிடம் இல்லை. தொலைக்க மாட்டாராம். அவர் நல்ல மனிதர்தான், கமிஷனும் அதிகம் கேட்பதில்லை. கடையைக் காலி செய்துவிட்டுப் போனால் அந்த நோட்டு எங்கே போகும்?

சிம் கணக்கைப் பாருங்கள். வேலை போன வீட்டில் முதலில் நிற்கும் செலவு ரீசார்ஜ்தான். வேலிடிட்டி முடிந்து கொஞ்ச நாளில் வரும் அழைப்பும் குறுஞ்செய்தியும் நின்றுவிடும். 90 நாள் பயன்பாடே இல்லை என்றால் எண்ணைத் துண்டித்து, பிறகு வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். வேலையில்லாப் படி 90 நாள், சிம்முக்கு உயிர் 90 நாள். பணம் தேவைப்படுகிற அந்த மூன்று மாதத்தில்தான் பணத்தைக் கேட்கிற வழியும் அடைபடுகிறது. ஆதாரில் புது எண்ணை ஏற்ற மையத்துக்குப் போனால் விரலை வை என்பார்கள். தறியிலும் சரிகையிலும் தேய்ந்த விரல் சில சமயம் பதியாது. அப்பாவுக்கு அது பழகிப்போன விஷயம், ரேஷன் கடையிலேயே பார்த்துவிட்டார்.

ஆலைகளின் மனிதவளப் பிரிவினர் சொல்வது வேறு: எல்லாம் ஆன்லைனில் திறந்தே கிடக்கிறது, பையன்கள்தான் தங்கள் யு.ஏ.என். எண்ணைக்கூடத் தெரிந்து வைத்துக்கொள்வதில்லை. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். வேலையைவிட்டுப் போகிறவருக்குச் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் கான்ட்ராக்டர் அனுபவச் சான்று தர வேண்டும். கேட்டால்! அடுத்த ப்ரேக்குக்குப் பிறகு மறுபடி கூப்பிடுவாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பையன் எங்கே கேட்கப் போகிறான்?

ஆகவே இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன். கையில் வேலை இருக்கும்போதே, ரீசார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆதாரில் இருப்பது சொந்த எண்ணா என்று பாருங்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பழைய கான்ட்ராக்டர் ஒவ்வொருவருக்கு நேரேயும் விலகிய தேதி இருக்கிறதா பாருங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படமெடுத்து வையுங்கள். பே ஸ்லிப்பைக் கேட்டு வாங்குங்கள். ப்ரேக்குக்கு ப்ரேக் பி.எஃப். பணத்தை ஓய்வூதியப் பங்கோடு சேர்த்து உருவிவிடாதீர்கள், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 10 ஆண்டு சேவை அப்படியே கரைந்துபோகும். பிரவுசிங் சென்டர் நோட்டில் இருக்கும் பாஸ்வேர்டை இந்த வாரமே மாற்றுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.