போர்முனையில் நிற்போனும் நீதிமன்றமும்

கொக்கட்டிச்சோலையைச் சூழ்ந்த படுவான்கரை வயல்களில் உரிமை என்பது பெரும்பாலும் அருகிருந்து காத்துக்கொள்ளும் பொருளாகும். போடியார் ஊரில் இல்லாதவிடத்து முல்லைக்காரன் வயலைப் பார்த்துக்கொள்வான். ஆனால் நீதிமன்ற அழைப்பாணைக்கு அவன் மறுமொழி கூற இயலாது. அழைக்கப்பட்டவன் தோன்றாவிடின் வழக்காளி கேட்டவாறே தீர்ப்பாதல் குடியியல் வழக்குகளிற் பெருவழக்கு. அங்ஙனமாயின், அரசின் ஆணையாலேயே தொலைவிற் சென்று போர்முனையில் நிற்பவனுடைய நிலம் என்னாகும்?

நம் முன்னோர் இவ்வினாவின் ஒரு பாதிக்கு விடை கண்டனர். போரிற் பட்டவனின் வழியினர்க்கு இறையிலியாக விடப்பட்ட நிலத்தைத் தமிழகக் கல்வெட்டுக்கள் உதிரப்பட்டி என்று வழங்கும். உதிரம் குருதியாதலின் பெயரே பொருளை விளக்கும். எனினும் அது மாண்டவன் பொருட்டுச் செய்த நன்றியேயாம். உயிரோடு பணியிலிருப்பவனுக்கு வேண்டுவது வேறு: தான் இல்லாத காலத்திற் பிறர் தன் மேல் வழக்காடி வெல்லாமை.

இத்தேவையை நேரே நோக்கி எழுந்தது 1925ஆம் ஆண்டின் இந்தியப் போர்வீரர் வழக்காடற் சட்டம். எதிர்வழக்காளி போர்நிலையிற் பணிபுரிபவன் என்று நம்புதற்கு இடமிருப்பின், வழக்குத் தொடுப்பவனே அதனைத் தன் மனுவிற் குறித்தல் வேண்டும். அவ்வீரன் வர இயலாதவன் என்று மாவட்டக் கலெக்டரும் நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கலாம். அவன் சார்பில் தோன்றுவார் எவருமிலராயின் நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைத்துப் படைத்துறை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். அறியாது ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்பட்டிருப்பினும் நீதியின் பொருட்டு அதனை நீக்க வழியுண்டு. வழக்குத் தொடுத்தற்குரிய காலவரையறையைக் கணக்கிடுங்கால் போர்ப்பணியிற் கழிந்த காலம் விலக்கப்படும்.

கடல்கடந்த பணிக்கும் இக்காப்பு உண்டு. ஆயினும் அதனை வரையறுத்த வாசகம் இலங்கையைப் பெயர் சுட்டியே விலக்கியது. பாக்கு நீரிணையைக் கடத்தலைக் கடற்பயணமாக எண்ண அவர்களுக்கு மனம் வரவில்லை போலும்!

சட்டத்தின் குறையும் ஈண்டே நோக்கத்தக்கது. எதிரியின் நிலையை வழக்காளியே எடுத்துரைக்க வேண்டுமென்பது மாந்தர் நேர்மையின் மேல் ஏற்றிய பெருஞ்சுமை. வழக்கைத் தொடுத்து வெல்லக் கருதுபவன் எதிரி களத்திலுள்ளான் என்று தானே முன்வந்து சொல்வான் என எதிர்பார்த்தல் எளிதன்று. கலெக்டருக்கும் எவரேனும் சொன்னாலன்றித் தெரியாது. ஆதலின் வீட்டிலிருக்கும் தாயோ மனைவியோ இவ்வுரிமையை அறிந்திருத்தலே காப்பின் உயிர்நாடி. அன்றியும், விற்கப்படும் நிலத்தைப் பிறர்க்கு முன்னே வாங்கும் உரிமை பற்றிய வழக்குகளை நிறுத்தாது நடத்த நீதிமன்றத்துக்கு விடுதலை உண்டு.

யான் பெரிதாகக் கருதும் குறை பிறிதொன்று. இச்சட்டம் தருவது காலம், பொருளன்று. வழக்கு நின்றாலும் வட்டி நிற்பதில்லை. களத்தினின்று மீண்டவன் தன் வயலை இழக்காது காணலாம். அதன் மேலேறிய கடனோ அவன் சென்றநாளினும் பெருத்திருக்கும். அமெரிக்கர் 1918இலும் 1940இலும் இயற்றிய சட்டங்களும் தொடக்கத்தில் வழக்கைத் தடுப்பதையே முதன்மையாகக் கொண்டன. 1942ஆம் ஆண்டுத் திருத்தமே, படையிற் சேருமுன் பட்ட கடனுக்குப் பணிக்காலத்தில் நூற்றுக்கு 6க்கு மேல் வட்டி கொள்ளலாகாது என்று வரைந்தது. மிகுதி வட்டி ஒத்திவைக்கப்பட்டதா, ஒழிக்கப்பட்டதா என்னும் ஐயம் எழலாம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தெளிவாகவே தீர்த்தது: அம்மிகுதி அறவே தள்ளுபடியாகும், மாதத் தவணையும் அதற்கேற்பக் குறைக்கப்படும்.