புதுப் புல்லில் மாட்டை விடும்போது

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் தழைத்துவிடும். மாசக்கணக்கில் சோளத்தட்டையைத் தின்று கிடந்த மாடு படலை முட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கே நாள் முழுக்க மேயவிடுவது ஆபத்து.

மாடு தின்னும் நாரை மாடே செரிப்பதில்லை. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் நொதிக்கவைத்துக் கொடுக்கின்றன. காய்ந்த தட்டையில் பெருகுபவை வேறு, இளம்புல்லில் பெருகுபவை வேறு. அந்தக் கூட்டம் மாறி நிலைகொள்ள இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த அவகாசத்தைக் கொடுப்பதுதான் மேய்ப்பவரின் வேலை.

காலையில் வைக்கோலோ தட்டையோ போட்டு, அரைவயிறு நிரம்பியதும், பனி உலர்ந்த பிறகு ஓட்டிப்போக வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பிறகு நாளுக்கு நாள் கூட்டலாம்.

குதிரைமசால் வயலென்றால் இன்னும் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் அதைத் தின்றால் வயிற்றுக்குள் நுரை கட்டும். வாயு ஏப்பமாக வெளியேற முடியாது. இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள குழி மேடாகிவிடும். தட்டினால் தம்பட்டம்போல் ஒலிக்கும். மாடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை மாட்டை முன்னங்கால் மேடாக இருக்கும்படி நிறுத்தலாம். நன்றாக விழுங்குகிற மாடென்றால் கால் லிட்டர் சமையல் எண்ணெயை, தலையை அண்ணாத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம்; எண்ணெய் நுரையை உடைக்கும்.

வழியில் உள்ள சோளக்காட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இளம்பயிரிலும், வாடிய பயிரிலும், அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும் சயனைடாக மாறும் பொருள் மிகுதி. சில நிமிடங்களிலேயே மாடு சாய்ந்துவிடக்கூடும். பூத்த பிறகே சோளத்தைத் தீவனமாக்க வேண்டும்.

செம்மறிகளுக்குத் துள்ளுமாரி நோய் வரும். குடலில் ஏற்கெனவே கொஞ்சமாக இருக்கும் ஒரு பாக்டீரியா, செழித்த தீவனம் திடீரெனக் கிடைத்ததும் பெருகி நஞ்சு கக்குகிறது. பட்டியிலேயே கொழுத்த குட்டிதான் பெரும்பாலும் முதலில் துள்ளி விழும். வைத்தியம் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. மழைக்காலம் தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதன்முறை போடும் குட்டிகளுக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் அவசியம்.