நீரூற்றின் தண்ணீர் காற்றுக்கா, வேருக்கா?

ஸ்பெயினின் செவில் நகரத்துப் பெரிய தேவாலயத்தை ஒட்டி ஒரு முற்றம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் அங்கே மசூதி இருந்த காலத்தது. நடுவில் நீரூற்று, சுற்றிலும் வரிசையாகக் கசப்பு ஆரஞ்சு மரங்கள். செங்கல் தளத்தில் குறுகலான வாய்க்கால்கள் ஒரு மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்ததன் பாத்திக்கு ஓடுகின்றன. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கோடையில் செவிலில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்கே நீரூற்று வெறும் அலங்காரமல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கும்வரை சூடாக்க ஏறக்குறைய 290 கிலோஜூல் போதும். அதே தண்ணீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் 2,400 கிலோஜூல் தேவை. அதில் பெரும்பங்கைக் காற்றிடமிருந்து எடுத்துக்கொள்வதால்தான் குளிர்ச்சி.

ஆனால் ஊற்று எவ்வளவு உயரம் பீறிடுகிறது என்பது முக்கியமில்லை, துளி எவ்வளவு சிறியது என்பதே முக்கியம். ஒரு லிட்டரை 1 மில்லிமீட்டர் துளிகளாக உடைத்தால் காற்றுபடும் பரப்பு 6 சதுர மீட்டர், 0.02 மில்லிமீட்டர் துளிகளாக்கினால் 300 சதுர மீட்டர். 1992இல் செவிலில் உலகக் கண்காட்சி நடந்தபோது மரங்களிலேயே நுண்தெளிப்பான்களைப் பொருத்தியது இதனால்தான். கண்ணுக்கு விருந்தாகும் பெரிய ஊற்று உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

இதையே சென்னையில் செய்தால்? ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குக் கீழே எந்த நீரூற்றாலும் காற்றைக் குளிர்விக்க முடியாது. 40 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை ஏறக்குறைய 23 டிகிரி. நம் கடற்கரைக் காற்றுக்கு, அதாவது 34 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்துக்கு, அது 28. இறங்குவதற்கு இடமே குறைவு. தெளித்தால் கசகசப்புதான் மிஞ்சும்.

நிழலோ ஈரப்பதம் பார்ப்பதில்லை. உச்சிவெயிலில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1,000 வாட் வந்து விழுகிறது. அடர்ந்த தூங்குமூஞ்சி மரம் அதில் பெரும்பகுதியைத் தலைக்கு மேலேயே தடுத்துவிடும். தரையும் சூடேறாததால் கீழிருந்து வரும் அனலும் இல்லை. காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரியே குறைந்திருந்தாலும் மரத்தடியில் நின்றதும் உயிர் வந்ததுபோல் இருப்பது இதனால்தான். போதாததற்கு இலைத்துளைகள் வழியே மரம் நீராவியும் விடுகிறது. மண் காய்ந்தால் மரம் அந்தத் துளைகளை மூடிக்கொள்ளும்; அப்போது இலையே சூடாகும், நாளடைவில் உதிரவும் செய்யும்.

ஆகவே சதுக்கத்துக்கு ஒதுக்கும் தண்ணீர் குறைவென்றால், என் வாக்கு செவில் வாய்க்காலுக்குத்தான். நம் ஊரிலோ நடைபாதைக் கல்லை அடிமரம்வரை நெருக்கிப் பதித்துவிட்டு, பக்கத்திலேயே வண்ணவிளக்கு நீரூற்று வைக்கிறார்கள். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவே போட வேண்டியிருந்தது.