ஆலை ஓடக் காய் வேண்டும்

கிராமத்தில் விளையும் பொருளைக் கிராமத்திலேயே பக்குவப்படுத்தி விற்க வேண்டும் என்னும் ஆவல் நம் சங்கங்கள் பலவற்றில் தோன்றியிருக்கிறது. போற்றத்தக்க ஆவலே. 100 கிலோ நிலக்கடலைக் காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதனை ஆட்டினால் சுமார் 28 கிலோ எண்ணெயும், அதற்கு மேற்பட்ட எடையில் பிண்ணாக்கும் கிடைக்கும். காயாகவே விற்றுவிடும் விவசாயி இவற்றின் ஆதாயத்தைப் பிறர் கையில் விட்டுவிடுகிறார். ஆயினும், விமரிசையாகத் திறப்பு விழா கண்டபின் சில ஆண்டுகளிலேயே பூட்டப்பட்ட ஆலைகளும் உண்டு. அதன் காரணத்தை ஆராய்வது நம் கடமை.

யந்திரக் கோளாற்றைவிடக் காய் வராமையே ஆலைக்குப் பெரும் பகை. ஒரு சிறிய ஆலை நாளொன்றுக்கு 500 கிலோ பருப்பு ஆட்டுகிறது என வைத்துக்கொள்வோம். ஆண்டில் 200 நாள் ஓட அதற்கு 100 டன் பருப்பு, அதாவது ஏறத்தாழ 143 டன் காய் வேண்டும். ஏக்கருக்கு 800 கிலோ விளைந்தாலும், 180 ஏக்கர் விளைச்சல் முழுவதும் சங்கத்துக்கே வந்தாக வேண்டும். பாதிதான் வந்தால், வங்கி வட்டியும் ஊழியர் சம்பளமும் பாதியாகக் குறைவதில்லை. எண்ணெயின் அடக்க விலை ஏறிவிடும். சங்கம் சந்தையில் தோற்றுவிடும். ஆகையால் யந்திரத்திற்கு விலைப்புள்ளி கேட்குமுன், எத்தனை அங்கத்தினர் எவ்வளவு காய் தருவர் என்று எழுத்து மூலம் உறுதி பெறுதல் வேண்டும்.

உறுதி தந்தவரும் ஏன் வியாபாரியிடம் போகிறார்? விதைப்புக் காலத்தில் முன்பணம் கொடுத்தவர் வியாபாரி. களத்து மேட்டிலேயே ரொக்கம் எண்ணி வைப்பவரும் அவரே. எண்ணெய் விற்ற பிறகு வா என்று சங்கம் சொன்னால், கடன்பட்டவர் காத்திருப்பாரா? காய் முழுவதும் அறுவடையை ஒட்டிச் சில வாரங்களில் வந்து குவியும். எண்ணெயோ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விற்கும். இந்த இடைவெளியைத் தாங்கும் நடைமுறை மூலதனத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத சங்கம் ஆலை தொடங்குதல் தகாது. காய் வந்த அன்றே மதிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து, எஞ்சியதை ஆண்டு முடிவில், அவரவர் கொணர்ந்த காயின் அளவுக்கேற்பப் பகிர்தலே முறை. பங்குத் தொகைக்கு மட்டும் ஆதாயம் பகிர்ந்தால், காய் கொணராதவரும் கொணர்ந்தவரும் ஒன்றாகிவிடுவர்.

அன்றைய கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் 1946-இல் தோன்றியது. வெண்ணெயும் பால் பொடியும் செய்யும் பெரிய ஆலை ஆனந்தில் 1955-இல்தான் திறக்கப்பட்டது. இடையிலிருந்த 9 ஆண்டுகளில் கிராமந்தோறும் சங்கங்கள் வேரூன்றின; பாலின் தரம் பார்த்து விலை தரும் வழக்கமும் நிலைத்தது. குளிர்காலத்தில் பம்பாய் கொள்ளாத அளவுக்குப் பால் பெருகியபோது, அந்த மிகுதிக்காகவே ஆலை எழுந்தது. பால் முதலில், ஆலை பின்னர் என்னும் அந்த வரிசையை நாம் மறத்தலாகாது.

தரத்தில் தாட்சணியம் கூடாது. காயின் ஈரம் 8 சதவீதத்திற்கு மேற்பட்டால் சேமிப்பில் பூஞ்சை பிடிக்கும். அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சும் உண்டாகலாம். கொணர்ந்தவர் கண்ணெதிரிலேயே ஈரம் பார்த்து விலை குறிக்க வேண்டும். தலைவர் வீட்டுக் காய்க்கும் அதே தராசு, அதே விலை.

உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கென 2020-இல் வந்த மத்திய அரசின் திட்டம், நிர்வாகச் செலவுக்கு 3 ஆண்டு உதவியே வகுத்தது. உதவி நின்ற மறுநாளும் மேலாளருக்குச் சம்பளம் தர வேண்டுமல்லவா? மானியத்தில் வந்த யந்திரமும் தேய்ந்தே தீரும். ஆண்டுதோறும் தேய்மான நிதி ஒதுக்காமல் லாபம் என்று பகிர்வது, யந்திரத்தையே துண்டு துண்டாகப் பகிர்வதாகும்.

நெசவாளச் சகோதரர்களுக்கு இது புதிதன்று. பாவு இல்லாத தறி எத்துணை சிறந்த தறியாயினும் துணி தராது. காய் இல்லாத ஆலையும் அத்தகையதே. அடுத்த பொதுப் பேரவையில் யந்திரத்தின் விலையைக் கேட்குமுன், "இவ்வாண்டு நம் வீட்டிலிருந்து எத்தனை மூட்டை?" என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக. அதற்குரிய விடையில்தான் ஆலையின் ஆயுள் அடங்கியிருக்கிறது.