தினமும் சுடோகு போட்டால் மறதி நோய் வராதா? பல்லாங்குழி எப்படி உதவும்? ஆய்வுகள் சொல்வது என்ன?

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் காலை ஷிஃப்ட் பஸ் கிளம்பிவிட்டால், பல வீடுகளில் மிச்சம் இருப்பது தாத்தா, பாட்டியும் டிவியும்தான். "சும்மா இருந்தா மூளை துருப்பிடிச்சிடும்" என்று பெரியவர்களின் போனில் ஒரு புதிர் கேமை இறக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள் பிள்ளைகள். அது மட்டும் போதுமா?

கேள்வி சாதாரணமானது அல்ல. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருக்கிறது. எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர்!

விளையாட்டு உதவுமா?

உதவலாம் என்கின்றன ஆய்வுகள். அமெரிக்காவின் நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் ஆகிய பழக்கங்கள் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம், மூளையின் 'கையிருப்பு'. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் டிராஃபிக் ஜாம் என்றால், ஊருக்குள் போகும் குறுக்கு வழி தெரிந்தவர் எப்படியும் வீடு சேர்ந்துவிடுவார். மூளையும் அப்படித்தான். புதுசு புதுசாகக் கற்றுக்கொண்ட மூளைக்கு மாற்று வழிகள் அதிகம். நோய் ஒரு வழியை அடைத்தாலும் கொஞ்ச காலம் சமாளிக்கும்.

ஆனால், விளையாடியதால்தான் நோய் வரவில்லையா, மூளை நன்றாக இருந்ததால்தான் விளையாட முடிந்ததா என்பதை இந்த மாதிரி ஆய்வுகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

மொபைல் கேம் போதுமா?

இங்கேதான் சிக்கல். தினமும் சுடோகு போட்டால் சுடோகுவில் கில்லாடி ஆகலாம். அதே திறமை சாவியை எங்கே வைத்தோம், மாத்திரை போட்டோமா என்பதை நினைவில் வைக்கவும் உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. லுமோசிட்டி என்ற பிரபல மூளைப் பயிற்சி ஆப், வயதாவதால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தது. போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குத் தொடர, 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது அந்த நிறுவனம்.

பல்லாங்குழியில் என்ன இருக்கு?

14 குழி, ஆளுக்கு 7. எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும், எதிராளிக்கு என்ன மிஞ்சும் என்று மனசுக்குள்ளேயே கணக்குப் போட வேண்டும். ஆடு புலி ஆட்டம் இன்னும் சுவாரஸ்யம். 3 புலிகளை 15 ஆடுகள் மடக்க வேண்டும். ஆட்டால் புலியை வெட்ட முடியாது, வழியைத்தான் அடைக்க முடியும். ஒவ்வொரு நகர்விலும் திட்டம் மாறும்.

இதைவிட முக்கியம், எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது. மறதி நோய்க்கான, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளை 2024-ல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. புதிர் போடாமல் இருப்பது அதில் இல்லை. ஆனால் தனிமை இருக்கிறது! உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, புகை, உடலுழைப்பு இல்லாமை ஆகியவையும் இருக்கின்றன. 14-ஐயும் சரிசெய்தால் சுமார் 45 சதவீத பாதிப்புகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது அந்த அறிக்கை.

என்ன செய்யலாம்?

* தெரிந்த ஆட்டத்தையே ஆடாமல் அவ்வப்போது மாற்றுங்கள். கோலம், பாட்டு, தையல் எதுவானாலும் கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும்.
* வாரத்தில் சில நாளாவது பேரப்பிள்ளைகளோ பக்கத்து வீட்டுக்காரரோ கூட உட்கார்ந்து ஆடட்டும்.
* பிபி, சுகர் மாத்திரையை விடக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள்.
* காது சரியாகக் கேட்கவில்லை என்றால் பரிசோதனை அவசியம். கேட்காதவர் மெல்லப் பேச்சில் இருந்தே ஒதுங்கிவிடுவார்.
* நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு கேம் ஆட வேண்டாம். தூக்கம் கெட்டால் கவனமும் நினைவாற்றலும் அடிவாங்கும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடியை வைத்த இடம் மறப்பது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பணக் கணக்கில் குழம்புவது போன்றவை தெரிந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. தைராய்டு பிரச்சனை, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567-ஐ அழைத்தும் வழிகாட்டுதல் பெறலாம்.