எட்டாம் நாள் தோமா எங்கே இருந்தார்?

தாம்பரத்தில் பீச் ட்ரெயின் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பரங்கிமலை. இயேசுவின் சீஷரான தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் இது என்று மரபு சொல்கிறது. மலை உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய ஆலயம் இருக்கிறது.

எனக்கு வேலை போன சமயத்தில் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் தினமும் இன்டர்வியூவுக்குப் போவேன். வேதத்தைத் திறந்தா மனசுல ஒண்ணும் ஏறாது. ஆராதனையில் வாய் மட்டும் பாடும். 'விசுவாசமே இல்லாம சர்ச்சுக்குப் போறது வேஷம்தானே?'னு தோணுச்சு. போறதை நிறுத்திட்டேன்.

அப்புறம் ஒருநாள் யோவான் 20-ஆம் அதிகாரம் வாசித்தேன். உயிர்த்தெழுந்த இயேசு முதல் தடவை வந்தப்போ தோமா அங்கே இல்லை. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். நாம அவருக்குச் 'சந்தேகத் தோமா'ன்னு பேர் வெச்சு அதோட விட்டுடுறோம். ஆனா இயேசு மறுபடி வந்தது எட்டு நாள் கழிச்சு. அன்றைக்குத் தோமா மற்ற சீஷர்களோடு உள்ளேதான் இருந்தார். நம்பிக்கை வராதபோதும் அவர் விலகிப் போகலை. அவங்களும் அவரைத் தள்ளி வைக்கலை.

அடுத்த ஞாயிறு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த அங்கிள்கிட்ட, "எனக்கு ஜெபிக்கவே வரலை"ன்னேன். "பரவாயில்ல தம்பி, நான் ஜெபிக்கிறேன், நீ கூட இரு" என்றார். வேலை கிடைக்க இன்னும் மூணு மாசம் ஆச்சு. ஆனா எந்த ஞாயிறும் விடலை.

உங்க சபையில் கொஞ்ச நாளா வராத ஒருத்தர் இருப்பாங்க. இன்னைக்கே ஒரு போன் பண்ணுங்க. ஏன் வரலைன்னு கேட்காதீங்க, சும்மா பேசுங்க.