ஆராய்ச்சியும் மறுப்பும்



ஆராய்ச்சி என்னும் சொல் இக்காலத்தில் யாவர் வாயிலும் வழங்குகின்றது. செய்தித்தாளைப் பிரித்தால் நாள்தோறும் ஒரு புதிய ஆராய்ச்சி முடிவைக் காண்கின்றோம். ஆயினும், ஒரு கருத்தை ஆராய்ச்சி முடிவு என்று ஏற்பதற்கு எது அதற்குத் தகுதி அளிக்கின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த என்னிடம், சின்ன காஞ்சிபுரத்து மாணவர் பலர் கேட்டதுண்டு: “ஐயா, விஞ்ஞானம் படித்தவர் செய்வதுதானே ஆராய்ச்சி? தமிழும் வரலாறும் படிப்பவர் செய்வதற்கும் அப்பெயர் பொருந்துமா?” இக்கேள்விக்கு விடையாக, நம் நாட்டுப் பல்கலைக் கழகங்களிலும் உயர்கல்வி நிலையங்களிலும் நிகழ்ந்த மூன்று ஆராய்ச்சிகளை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். ஒன்று இயற்பியலைச் சார்ந்தது. ஒன்று தண்ணீரைத் தூய்மை செய்யும் தொழில்நுட்பத்தைச் சார்ந்தது. மற்றொன்று தொல்லியலைச் சார்ந்தது.

அவற்றுக்குப் புகுமுன் நம் ஊரின் பழமையைச் சிறிது நினைவு கூர்வோம். பல்லவர் காலத்தில் காஞ்சியில் கடிகை என்னும் உயர்கல்வி நிலையம் விளங்கிற்று. கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் தன் ஆசிரியருடன் அங்குக் கற்க வந்தான் எனக் கன்னட நாட்டுத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகின்றது. நாளந்தாப் பல்கலைக் கழகத்தின் தலைமையை ஏற்ற தருமபாலர் காஞ்சியிற் பிறந்தவர் எனச் சீனப் பயணி யுவான் சுவாங் எழுதி வைத்தார். திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகரையும் நம் ஊரினர் என்றே மரபு கூறும். அவர் தம் உரையில் பிறர் கொண்ட பாடங்களையும் பொருள்களையும் எடுத்துக்காட்டி, அவை பொருந்தாமைக்குக் காரணம் கூறுவார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் இளம்பூரணர் உரையைச் சேனாவரையர் பல இடங்களில் மறுப்பார். தாமே ஒரு தடையை எழுப்பித் தாமே அதற்கு விடை கூறிச் செல்வது நம் உரையாசிரியர்களின் வழக்கம். மறுப்பைக் கண்டு அஞ்சாமல் அதனை வரவேற்று விடை தேடும் இந்த மனப்பான்மையே ஆராய்ச்சியின் உயிர். நான் கூறப்போகும் மூன்று நிகழ்ச்சிகளிலும் இதனைக் காண்பீர்கள்.

முதலாவது, சென்னைப் பல்கலைக் கழகத்தில் நிகழ்ந்தது. 1952-ஆம் ஆண்டில் ஜி. என். இராமச்சந்திரன் அங்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. பிரித்தானிய விஞ்ஞானி ஜே. டி. பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று கூறியது அவர் கருத்தைக் கவர்ந்தது. நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அப்புரதமே. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதன் மாதிரிகளைத் தந்து உதவிற்று. கங்காருவின் வாலிலிருந்து எடுத்த தசைநாணும் அவற்றுள் ஒன்று. அவற்றின் ஊடே எக்ஸ்-கதிர்களைச் செலுத்திப் பெற்ற படங்களை ஆராய்ந்து, 1954-இல் இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் ஒரு முடிவை வெளியிட்டனர். அப்புரதம் மூன்று சங்கிலிகளால் ஆனது என்பதே அம்முடிவு. மறு ஆண்டில் அதனைத் திருத்தி, தனித்தனியே சுருண்ட மூன்று சங்கிலிகளும் ஒன்றோடொன்று மீண்டும் முறுக்கிக் கொண்டிருக்கின்றன என்றனர். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கேற்றிய பட்டு நூலைக் கண்ட காஞ்சிபுரத்து மாணவருக்கு இவ்வமைப்பை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை.

அம்முடிவுக்கு இங்கிலாந்திலிருந்து மறுப்பு எழுந்தது. மறுத்தவர்களும் எளியவர் அல்லர். அவர்கள் அலெக்சாண்டர் ரிச்சும், மரபுப்பொருளின் இரட்டைச் சுருளைக் கண்டறிந்தவருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் ஆவர். மூன்று சங்கிலிகள் முறுக்கிக் கொண்டிருப்பதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். ஆனால் இராமச்சந்திரன் கூறியவாறு சங்கிலிகளுக்கிடையே அத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்க வேண்டுமானால், சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்க நேரும் என்றனர்.

இம்மறுப்பைக் கேட்ட இராமச்சந்திரன் சினங்கொள்ளவில்லை. தம் ஆராய்ச்சியைக் கைவிடவும் இல்லை. ‘அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு எல்லை யாது?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டார். அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளைத் திரட்டி, அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைத் தம் மாணவர்களுடன் கணக்கிட்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கீல்கள் போன்ற திருப்பங்கள் உண்டு. நம் முழங்கை முன்னோக்கி மடியும், பின்னோக்கி மடியாது. அதுபோல் இக்கீல்களும் எல்லாக் கோணங்களிலும் திரும்ப இயலாது. சில கோணங்களில் அணுவோடு அணு மோதும். எக்கோணங்கள் இயலும், எவை இயலா என்பதை ஒரே சதுரப் படத்தில் வரைந்து, 1963-இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டார். இயலும் கோணங்கள் அப்படத்தின் சிறு பகுதிகளிலேயே அடங்கிவிட்டன.

இன்று உலகெங்கும் அதனை இராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கின்றனர். ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தோர் எவரும் அது சரியானதா என்பதை இப்படத்தில் வைத்துச் சோதிக்கின்றனர். கணிப்பொறியைக் கொண்டு புரத வடிவங்களை முன்னறியும் முறைக்கு 2024-இல் வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அவ்வாறு முன்னறிந்த வடிவங்களையும் இப்படத்திலேயே சரிபார்க்கின்றனர். நம் தறியில் ஓடும் பட்டு இழையும் ஒரு புரதமே. அதன் சங்கிலிகள் ஏறத்தாழ முழுதும் நீண்டு, பாவு நூல்போல் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் உறுதி பெறுகின்றன. அவ்வமைப்புக்கும் இப்படத்தில் இடம் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, எதிர்த்தரப்பினரின் கருத்தே பின்னர்ப் பெரிதும் ஏற்கப்பட்டது. முறுக்கிய மூன்று சங்கிலிகள் என்னும் அடிப்படை நிலைத்தது. நுட்பம் ஒன்றில் திருத்தம் நேர்ந்தது. ஆனால் அம்மறுப்பு எழாதிருந்தால் அவ்வரைபடம் அன்று பிறந்திருக்குமா என்பது ஐயமே.

இரண்டாவது நிகழ்ச்சி, 1959-இல் தொடங்கப்பெற்ற சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்தது. வங்காளம் முதலிய பகுதிகளில் நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்துள்ளது. நிறமும் மணமும் இன்றி அது பல்லாண்டுகள் மெல்ல மெல்ல உடலைக் கெடுக்கும். குடிநீரில் பத்துக் கோடிப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது வரையறை. இத்துணைச் சிறு அளவை ஏழைக் குடிசையிலும் வடிகட்டிப் பிரிக்க வேண்டும். மின்சாரமும் மிகுந்த செலவும் இன்றிச் செய்ய வேண்டும். இப்பணியை வேதியியல் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் மாணவர்களும் மேற்கொண்டனர்.

மிக நுண்ணிய துகள்களாக ஆக்கிய பொருள்களுக்கு மேற்பரப்பு மிகுதி. ஆதலின் அவை நஞ்சைப் பற்றும் ஆற்றலும் மிகுதி. வெள்ளித் துகள்கள் கிருமிகளைக் கொல்லும். இரும்புச் சேர்மத் துகள்கள் ஆர்சனிக்கைப் பற்றும். ஆய்வுக்கூடத்துத் தூய நீரில் இதனைக் காட்டுதல் எளிது. ஆனால் ஊர்க் கிணற்று நீரில் உப்புகள் பல உண்டு. வெந்நீர்ப் பானையின் அடியில் படியும் உப்புப் பொருக்கைக் கண்டிருப்பீர்கள். அதுபோன்ற படிவு துகள்களை மூடிவிட்டால், சில நாட்களில் அவற்றின் ஆற்றல் ஒழியும். மேலும், துகள்களே நீரில் கரைந்து வந்தால் அருந்துவோர்க்குத் தீங்காகாதா? இவை மனிதர் எழுப்பிய மறுப்புகள் அல்ல. இயற்கையே எழுப்பிய மறுப்புகள்.

நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசன் என்னும் பொருளைக் கொண்டு அவர்கள் விடை கண்டனர். அதனை அலுமினியச் சேர்மத்துடன் சேர்த்து ஒரு கூண்டுபோல் அமைத்து, வெள்ளித் துகள்களை அதனுள் நிறுத்தினர். கூண்டு அவற்றைப் படிவினின்றும் காத்தது. கிருமிகளைக் கொல்லும் அளவு வெள்ளி மட்டும் சிறிது சிறிதாக வெளிவருமாறும் செய்தது. நஞ்சைப் பற்றும் துகள்களையும் இம்முறையிலேயே மணல்போன்ற குருணைகளாக ஆக்கலாயிற்று. அதிக வெப்பம் வேண்டாமல், நீரிலேயே, சாதாரண வெப்பநிலையிலேயே அவற்றைச் செய்ய முடிந்தது. 2013-இல் இம்முறை அமெரிக்க அறிவியற் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

இனி மூன்றாவதும் உங்கள் கேள்விக்கு நேரே விடை தருவதுமான நிகழ்ச்சிக்கு வருவோம். பழனிக்கு அருகில் பொருந்தல் என்னும் சிற்றூர் உள்ளது. புதுச்சேரிப் பல்கலைக் கழக வரலாற்றுப் பேராசிரியர் கா. இராஜன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அங்கு அகழ்ந்தார். பழைய ஈமச்சின்னம் ஒன்றில் நான்கு கால் கொண்ட சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதே ஈமச்சின்னத்தில் கிடைத்த பானை தாங்கி ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. எழுத்து வெட்டிய பொருளுக்கு வயது காண்பது கடினம். ஆனால் நெல் உயிருள்ள பயிரில் விளைந்தது; அதற்கு வயது காணலாம்.

அது எவ்வாறு எனில், உயிருள்ளவை யாவும் காற்றிலுள்ள கார்பனை நேராகவோ உணவின் வழியாகவோ பெறுகின்றன. அதில் கார்பன்-14 என்னும் கதிரியக்க வகை மிகச் சிறிதளவு உண்டு. உயிர் நீங்கியபின் அது புதிதாகச் சேர்வதில்லை. 5,730 ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்து வரும். எஞ்சியிருப்பதை எண்ணினால் காலம் தெரியும். பொருந்தல் நெல்லை அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சோதித்தபோது, கி.மு. 490 என்னும் காலம் கிடைத்தது. தமிழ்ப் பிராமி அசோகர் காலத்துக்கு, அதாவது கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்கு, முற்பட்டதன்று என அறிஞர் பலர் கொண்டிருந்த கருத்தை அது அசைத்தது.

உடனே மறுப்பு எழுந்தது. ஒரே ஒரு காலக் கணிப்பை நம்பி வரலாற்றை மாற்றி எழுதலாகாது என்றனர் சில அறிஞர். இராஜன் மற்றொரு மாதிரியைச் சோதனைக்கு அனுப்பினார். அது கி.மு. 450 என்று காட்டிற்று. பின்னர்த் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, அங்குக் கிடைத்த மாதிரி ஒன்றின் காலத்தைக் கி.மு. 6-ஆம் நூற்றாண்டு எனக் கூறிற்று. எனினும் வாதம் முடிந்துவிடவில்லை. கி.மு. 800 முதல் 400 வரையிலான காலப் பகுதியில், கார்பன் முறையால் ஆண்டை நுட்பமாகப் பிரித்தறிதல் அரிது என்பதை அத்துறையினர் அறிவர். ஆதலின் மேலும் பல இடங்களில், மேலும் பல மாதிரிகள் வேண்டப்படுகின்றன. தமிழின் பழமை நம் நெஞ்சுக்கு இனியது. அதனாலேயே அதற்குரிய சான்று மிக உறுதியாக இருத்தல் வேண்டும். நாம் விரும்பும் முடிவை மற்றவற்றினும் கடுமையாகச் சோதிப்பதே தமிழுக்கு நாம் செய்யும் மரியாதை.

மாணவ மாணவியரே! இம்மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இயற்பியல் அறிஞருக்குத் தோல் ஆராய்ச்சி நிலையம் துணை நின்றது. நீரைத் தூய்மை செய்தவர்களுக்கு நண்டின் ஓடு துணை நின்றது. வரலாற்று ஆசிரியருக்கு அணுவை எண்ணும் கருவி துணை நின்றது. துறைகளுக்கிடையே நாம் எழுப்பிய சுவர்கள் பாட அட்டவணையில் மட்டுமே உள்ளன. கருவிகள் வேறுபடலாம், “நீர் இதனை எவ்வாறு அறிந்தீர்?” என்ற கேள்விக்கு எல்லாத் துறையினரும் ஒருபடித்தாகவே விடை கூறக் கடமைப்பட்டவர். அவ்விடையைக் கூற இயலுமாயின் தமிழ் கற்றவர் செய்வதும் ஆராய்ச்சியே. இயலாதாயின் விஞ்ஞானக் கூடத்தில் செய்ததும் ஆராய்ச்சி ஆகாது.

இதற்குப் பெரிய கருவிகள் கிடைக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. நம் நெசவாளர் வழங்கும் பாவு, ஊடை, கோர்வை போன்ற தொழிற்சொற்கள் எத்தனை? விசைத்தறி பெருகியபின் அவற்றுள் எத்தனை மறைந்தன? தறிக்குழியில் அமர்ந்திருக்கும் முதியவர்களைக் கேட்டு இன்றே குறித்துக்கொள்ளலாம். ஒரு தெருவில் ஒருவர் கூறியதை வேறு தெருவில் மற்றொருவரிடம் கேளுங்கள். இருவர் கூற்றும் மாறுபட்டால், உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதாமல் இரண்டையும் எழுதுங்கள். கூறியவர் யார், எந்நாள் கூறினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாயம் தோய்த்த நூலில் எந்நீரில் நிறம் நிற்கின்றது, எந்நீரில் வெளுக்கின்றது என்று பார்த்துக் குறிப்பது விஞ்ஞானம். வரதராசப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளுள் ஒன்றையேனும் அச்சிட்ட பாடத்தோடு ஒப்பிட்டுப் படிப்பது வரலாறு. இவற்றுக்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் பொறுமையுமே.

வகுப்பில் எழுந்து, “ஐயா, இதற்குச் சான்று யாது?” என்று பணிவோடு கேட்கும் மாணவரை அடங்காதவர் என்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. என் அனுபவத்தில், அக்கேள்வி எழுந்த வகுப்புகளிலேதான் பாடம் உண்மையில் நடந்தது. ஆதலின் தயங்காமல் கேளுங்கள். பிறர் உங்களைக் கேட்கும்போதும் முகம் சுளிக்காமல் விடை தேடுங்கள். அப்பழக்கம் பள்ளியிலேயே அமையுமானால், நீங்கள் எத்துறையைத் தேர்ந்தாலும் ஆராய்ச்சிக்கு உரியவர் ஆவீர்கள்.